செருப்போடு உள்ளே வந்தேன்

என் கால் தீய்ந்துபோனது முதலில் பக்கத்தில் நின்றவள் மூக்குக்குத்தான் தெரிந்தது.

ஆனி மாதம். பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டபோது ஒரு கங்கு உருண்டு தரையில் விழுந்திருக்கிறது. அதன்மேல் வலது காலை வைத்துக்கொண்டு நான் பாட்டுக்குக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது.

உதவிக்கு இருக்கும் தையல்நாயகி மூக்கைச் சுளித்தாள்.

"அக்கா, அடி பிடிச்சிடுச்சா? ஏதோ தீயற வாடை வருதே."

"நல்லாத்தான்டி இருக்கு, இந்தா பாரு" என்று கரண்டியை அடிவரை விட்டுத் துழாவிக் காட்டினேன். அவள் அண்டாவைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக் கத்தினாள். நானும் குனிந்து பார்த்தேன். காலைத் தூக்கினால் கங்கும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. வலி என்று ஒன்று துளிகூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எட்டு வருஷமாக எனக்குச் சர்க்கரை. மாத்திரை இருந்தால் போடுவேன், தீர்ந்தால் விட்டுவிடுவேன். கால் மரத்துப்போனதை நோய் என்றே நான் நினைக்கவில்லை. வரப்பிலும் முள்ளிலும் நடந்து காய்த்துப்போன கால், அதனால் ஒன்றும் உறைக்கவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். புத்தி கெட்ட பெருமை.

அன்பான சகோதர சகோதரிகளே, சாட்சி என்றால் கண்ணீரும் துதியுமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். துதி இருக்கிறது. கண்ணீரைவிடக் கோபம்தான் எனக்கு அதிகம் வந்தது. எழுதித் தரச் சொன்ன பாஸ்டர், "கோபத்தைக் கொஞ்சம் குறைச்சு எழுதுங்கம்மா" என்றார். குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில் மஞ்சளும் நல்லெண்ணெயும் வைத்துக் கட்டினேன். பிறகு ஜெபம்பண்ணிக் கொடுத்த எண்ணெயைத் தடவினேன். ஊரில் ஊசி போடுகிறவர் மூன்று நாள் ஊசி போட்டார். கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு குழி விழுந்தது. ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் தண்ணீர் வரவில்லை, குறுவை போய்விட்டது என்று ஊரே புலம்பிக்கொண்டிருந்தது. நான் என் காலிலிருந்து வரும் வாடையை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று கட்டின்மேல் பவுடரைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் காய்ச்சல் வந்து விழுந்தேன். மகள் ரூபி கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு என்னை டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. ரூபியிடம் சொன்னார்.

"கணுக்காலுக்கு மேல எடுத்துடணும். யோசிச்சிட்டு வாங்க. ரொம்ப நாள் யோசிக்காதீங்க."

அவ்வளவுதான். வெளியே வந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இந்தச் சமையல் வேலைதான் எனக்கும் ரூபிக்கும் சோறு. நின்று செய்கிற வேலை. ஒரு காலோடு அண்டா இறக்க முடியுமா? வேலை போனால் அவள் படிப்பு போகும். இதெல்லாம் எனக்கு டாக்டர் அறையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரும் தூரத்திலேயே தெரிந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து நான் ஜெபம்பண்ணினேன். ஜெபம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். திட்டினேன். வாய்விட்டுத் திட்டினேன்.

"உமக்குக் கண் இருக்கா இல்லியா? இருபது வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமை தவறல நான். அதுக்கு இதுவா கூலி? பாட்டு வேணாம், ஆறுதல் வேணாம். எனக்குக் கால் வேணும். இந்தக் காலை வெச்சுத்தான் நான் பிள்ளைங்களுக்குச் சோறு பொங்கறேன். குடுக்க முடியுமா முடியாதா, சொல்லும்."

பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார். ரூபி என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. நான் வாயை மூடியபோது எங்கள் ஊர் பஸ்ஸுக்குப் பதிலாகத் தஞ்சாவூர் பஸ் வந்து நின்றது. ரூபி, "அம்மா, பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஒரு தடவ காட்டிடலாம்மா" என்றாள். ஏறினோம்.

அங்கே பத்தொன்பது நாள் கிடந்தேன். அழுகியதை வெட்டி எடுத்தார்கள். காலை எடுக்கவில்லை. கைகூப்பி ஆண்டவரைத் துதித்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது மெத்தென்று ஒரு ரப்பர் செருப்பைக் கொடுத்து, "வெறுங்காலோட நடக்கவே கூடாது. புண்ணு மேல பாரம் விழக் கூடாது. ஒரு அடிகூட" என்றார்கள். டவுன் அரசு ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு முறை கட்டு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

புரட்டாசியில் புண் சுருங்கியது. சபையில் எல்லாரும் கைதட்டினீர்கள். ஐப்பசி பிறந்ததும் மறுபடி வாய் திறந்தது. கார்த்திகையில் சுருங்கி, திரும்பவும் திறந்தது. இந்தத் தடவை நீங்கள் கைதட்டவில்லை. "சகோதரி, உங்களுக்குள்ளே ஏதாவது அறிக்கையிடாத பாவம் இருக்கா?" என்று ஒரு சகோதரி என்னைத் தனியாகக் கேட்டார்கள். யார் என்று எழுத மாட்டேன், அவர்களுக்கே தெரியும். நானும் அதை நம்பினேன் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். உபவாசம் இருந்தேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்து, சமையல் கூடத்து வாசலில் மயங்கி விழுந்தேன். தையல்நாயகி சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றி எழுப்பினாள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் என் தப்பு. இந்தத் தப்பை நம்மைத் தவிர யாரும் செய்ய மாட்டார்கள்.

கட்டு மாற்றும் அறையில் இருந்த நர்ஸ் பெயர் மும்தாஜ். அதிராம்பட்டினத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கை மெதுவாக வேலை செய்யும், வாய் அப்படி இல்லை. மார்கழி முதல் வாரம், என் கட்டைக் கத்தரித்து எடுத்தவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் அடிப்பக்கத்திலிருந்து விரலால் ஒன்றைப் பிய்த்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பருக்கைச் சோறு. காய்ந்து கட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எப்பிடிக்கா இங்க வந்துச்சு?"

நான் கையை மூடிக்கொண்டேன்.

"செருப்பு போட்டுக்கிட்டுத்தானே நடக்கறீங்க?"

"ஆமா சிஸ்டர்."

"பொய் சொல்லாதீங்க. செருப்பு புதுசாட்டம் இருக்கு. கட்டு கரிப்பானையாட்டம் இருக்கு. எங்கெங்க கழட்டுறீங்க, சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தேன். சமையல் கூடத்தில் கழற்றுவேன். அடுப்படியில் யாராவது செருப்புப் போடுவார்களா? வீட்டில் கழற்றுவேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிற வயலில் கீரை பறிக்க இறங்கினால் கழற்றுவேன், நெல் விளைகிற மண்ணைச் செருப்புக் காலால் மிதிக்க மாட்டோம். ஜெபவீட்டு வாசலில் கழற்றுவேன். அப்புறம் மேலத்தெருவில் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வேன்.

"மேலத்தெருவுல எதுக்கு?" என்றார்.

உங்களில் சின்னவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

என் அப்பா பண்ணையாள். மிராசுதார் வீடுகள் இருந்த மேலத்தெருவில் எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. நான் நாலாம் வகுப்புப் படித்தபோது ஊரில் சங்கம் வந்தது, கொடி ஏறியது, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு நடவையே நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் அப்பாவும் இன்னும் நாலு பேரும் சந்தையில் டயர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு மேலத்தெரு வழியாக நடந்தார்கள். பண்ணை ஆட்கள் வளைத்துப் பிடித்து அடித்தார்கள். செருப்பைத் தலையில் சுமக்கவைத்துத் தெருக்கோடிவரை நடத்தினார்கள். அப்பாவுக்கு ஒரு காது அதற்கப்புறம் கேட்கவில்லை. அந்த நாலு பேரில் ஒருவர் ஞானமுத்து சித்தப்பா. கூடப்பிறந்த சித்தப்பா இல்லை, அப்பாவோடு சேர்ந்து அடி வாங்கியவர் என்பதால் சித்தப்பா. இன்றைக்கு நம் ஜெபவீட்டு மூப்பர்.

பிறகு சென்னையில் ஆட்சி மாறியது. குடியிருக்கும் மனைக்குப் பட்டா வந்தது. குத்தகைக்காரருக்குச் சட்டம் வந்தது. மிராசுதார் பிள்ளைகள் பாதி நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போனார்கள். மேலத்தெருவில் இன்றைக்கு யாரும் யாரையும் கேட்பதில்லை, மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள் நம் பையன்கள். ஆனாலும் என் அம்மா சாகிறவரை அந்தத் தெருமுனை வந்ததும் குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவளோடு நடந்து நடந்து எனக்கும் அதே பழக்கம். பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். தெருமுனை வந்தால் என் இடுப்பு தானாக வளைகிறது. மனசு அதைக் கவனிப்பதுகூட இல்லை.

இதை நான் மும்தாஜிடம் சொன்னேன். அவர் கத்தரிக்கோலை டிரேயில் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆக, நல்ல ரோட்டுல மட்டும் செருப்பு. மத்த எல்லா எடத்துலயும் வெறுங்காலு. அந்த ஆளுங்க ஊரைக் காலி பண்ணிட்டுப் போயே எத்தன வருஷமாச்சு? இன்னும் அவங்களுக்காக நீங்க காலைக் குடுக்கறீங்க?"

எனக்கு முகம் எரிந்தது. கோபத்தில் நானும் கத்தினேன். "நான் ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் சிஸ்டர். ஆறு மாசமா கேக்கறேன். அவருதான் காது குடுக்க மாட்டேங்கறாரு."

"அவரு குடுத்துட்டாரு. நீங்கதான் குடுக்கல. நான் வாரம் ரெண்டு தடவ சொல்றேன்ல? அது யாரு சொல்றதுன்னு நெனச்சீங்க? நானும்தான் தொழும்போது துஆ கேக்கறேன், இந்த ஜெயமணியக்காவுக்குக் கொஞ்சம் புத்தியக் குடு அல்லான்னு."

எனக்கு அங்கேயே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்தப் பருக்கை இன்னும் என் உள்ளங்கையில் இருந்தது. பாவத்தை அறிக்கையிடச் சொன்ன சகோதரிக்கு இப்போது சொல்கிறேன், அறிக்கையிட வேண்டியது அந்தப் பருக்கைதான். என் ஜெபத்துக்குப் பெரியாஸ்பத்திரியிலேயே செருப்பாகப் பதில் வந்திருந்தது. நான்தான் அதை ஒவ்வொரு வாசலிலும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறேன்.

மும்தாஜ் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தக் காலத்துத் தொழுநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் செருப்பு செய்கிற இடம் இருந்தது. அங்கே போகச் சொன்னார். நான் தயங்கினேன் என்பதை மறைக்க மாட்டேன். அந்தச் செருப்பைப் போட்டால் ஊர் என்ன பேசும் என்று தெரியும். பேசவும் செய்தது. "பிள்ளைங்களுக்குச் சமைக்கறவ, என்ன நோவோ" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்டேன். டாக்டர் எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டிவிட்டேன். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

செருப்பு செய்கிறவருக்கு விரல்கள் பாதிதான் இருந்தன. ஒரு காலத்தில் அவரும் அங்கே நோயாளியாக வந்தவராம். என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, தரையில் அட்டையைப் போட்டு, என் பாதத்தை இரண்டு கையாலும் எடுத்து அதன்மேல் வைத்தார். பென்சிலால் சுற்றி வரைந்தார். என் காலை அப்படி யாரும் தொட்டதில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

கட்டியான ரப்பரில், புண் வரும் இடத்துக்கு நேராகக் குழி தோண்டினார். அந்த இடத்தில் என் பாரம் இறங்காதாம். மேலே மெத்தையாக இன்னொரு ரப்பர். குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார், முன்னால் ஒட்டிப் பிரிக்கிற பட்டை. போட்டுக்கொண்டு எழுந்து நின்றேன். கால் ஒரு இடத்தில் அடங்கி உட்கார்ந்தது. ஆறு மாதமாக விந்தி விந்தி இடுப்பில் பிடித்திருந்த வலி நாலு எட்டு வைப்பதற்குள் இறங்கியது. ஆனால் பார்ப்பதற்குச் செருப்பு சகிக்கவில்லை.

"என்னங்க இது, எருமைக் குளம்பாட்டம் இருக்கு?"

"அழகு வேணும்னா கடைக்குப் போங்கம்மா. காலு வேணும்னா இதப் போடுங்க."

கையில் இன்னொரு ஜோடியையும் கொடுத்தார். "இது உள்ளுக்கு. இதோட தெருவுல கால் வைக்காதீங்க. வீட்டுக்குள்ள, அடுப்படியில, கோயில்ல, எங்க போனாலும் இதை மாத்திக்கிட்டு உள்ள போங்க. சுத்தமா இருக்கும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

பாவம், நல்ல மனுஷன். நம் சபையை அவருக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, தெருச் செருப்பைக் கழற்றிவிட்டு, துணிப்பையிலிருந்து சுத்தமான ஜோடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். எழுந்தேன். வாசலில் ஞானமுத்து சித்தப்பா நின்றார்.

"என்னம்மா ஜெயமணி இது? ஆண்டவர் சந்நிதிக்குள்ள செருப்போடயா?"

"சித்தப்பா, இது தெருவுல போடறது இல்ல. இப்பத்தான் பையிலேருந்து எடுத்தேன்."

"செருப்பு செருப்புதான். வேதத்துலயே, எரியற செடிகிட்ட நிக்கும்போதே செருப்பக் கழட்டச் சொன்னவரு நம்ம ஆண்டவரு."

"கெட்டுப்போய்த் திரும்பி வந்த மகன் காலுக்குச் செருப்பு போட்டு விடுங்கன்னாரே அவன் அப்பா. அந்தக் கதையச் சொன்னதும் அவருதானே?"

"வாதம் பண்ணாதே. ஒரு மணி நேரம்தானே, கழட்டி வெச்சுட்டு வா."

ஒரு மணி நேரமாம். நம் ஆராதனை என்றைக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கிறது? எழுந்து, நின்று, பாடி, முழங்காலிட்டு, மறுபடி எழுந்து, மூன்று மணி நேரம் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு. கழற்றினால் கால் போகும். கழற்றாவிட்டால் சபை போகும். இருபது வருஷமாக எனக்கு இருக்கிற ஒரே சொந்தம் இந்தச் சபை. என் வாயிலிருந்து வரக் கூடாத பேச்சு வந்துவிட்டது.

"மேலத்தெருவுல செருப்பு போட்டு நடக்கறதுக்கு எங்கப்பாவோட சேந்து அடி வாங்குனீங்களே சித்தப்பா. இப்ப எனக்கு இந்த வாசல் மேலத்தெருவா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. ஆனால் வழி விடவில்லை.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை நான் வெளியே உட்கார்ந்தேன். உங்கள் எல்லாருடைய செருப்புகளுக்கும் நடுவில். பாட்டு கேட்கும், பிரசங்கம் பாதி கேட்கும். முடிந்ததும் நீங்கள் வெளியே வந்து, என்னைச் சுற்றி உங்கள் உங்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனீர்கள். சிலர், "ஜெபத்துல நெனச்சுக்கறோம் அக்கா" என்றீர்கள். ஒரே ஒருவராவது என் பக்கத்தில் உட்கார்ந்தீர்களா? எனக்கு உங்கள்மேல் வந்த கோபத்தில் பாதி இன்னும் அப்படியே இருக்கிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆண்டவரிடமும் அதையே சொன்னேன். இவர்களைத் திருத்தும், இல்லாவிட்டால் என் வாயைக் கட்டும் என்று கேட்டேன். என் வாயை அவர் கட்டவில்லை.

அந்த ஐந்து வாரமும் நான் ஒரு அடிகூட வெறுங்காலோடு நடக்கவில்லை. அடுப்படியில் செருப்பு. வீட்டில் செருப்பு. கீரை பறிக்கத் தையல்நாயகியை அனுப்பினேன். மேலத்தெருமுனையில் ஒவ்வொரு நாளும் இடுப்பு வளையப் பார்க்கும், பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடப்பேன். முதல் நாள் பாதித் தெருவில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருஷம் குனிந்தேன் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மும்தாஜ் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் முதலில் அதன் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார். "சுத்தமா இருக்கு" என்பார். குழி மேடானது. எட்டணா அளவு இருந்தது பட்டாணி அளவானது. பிறகு உளுந்து. தை மாதம், சம்பா அறுப்பு தொடங்கிய வாரத்தில், அவர் பஞ்சால் துடைத்துவிட்டு, விரலால் அழுத்திப் பார்த்து, "கட்டு வேணாம்க்கா. மூடிடுச்சு" என்றார். நான் அவர் கையைப் பிடித்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். அவர், "செருப்ப மட்டும் விட்டுடாதீங்க, விட்டீங்க நான் உங்க ஊருக்கே வந்துடுவேன்" என்றார்.

நான் பாஸ்டரிடம் போய், சாட்சி சொல்ல ஐந்து நிமிஷம் கேட்டேன். அவர் நல்லவர், யாரையும் பகைக்க மாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. யோசித்துவிட்டு, "மைக்க வாசலுக்குக் கொண்டுவரச் சொல்றேம்மா. நீங்க அங்கேருந்தே சொல்லிடுங்க" என்றார்.

"மைக்குக்கு வயரு இருக்கு பாஸ்டர், அது வெளிய வரும். எனக்குக் காலு இருக்கு. நான் உள்ள வர்றேன்."

வந்தேன். நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். சித்தப்பா வாசலில்தான் நின்றார். நான் நேராக நடந்தேன். கடைசி நேரத்தில் அவர் ஒரு எட்டு ஒதுங்கினார். மேடைக்கு முன்னால் என் கறுப்புச் செருப்போடு நின்று நான் சாட்சி சொன்னேன். இடி விழவில்லை. கூரை அப்படியே இருந்தது. சில பேர் அழுதீர்கள், சில பேர் என் காலையே முறைத்தீர்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மாசியில் சித்தப்பா இரண்டு வாரம் ஆராதனைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பார்க்கப் போனேன். கட்டிலில் வேட்டியைக் கால்வரை இழுத்துவிட்டுப் படுத்திருந்தார். உள்ளே நுழைந்ததுமே எனக்கு வாடை தெரிந்தது. அது என்ன வாடை என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"காலைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லம்மா. கருவை முள்ளு குத்திச்சு."

"எப்ப?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேட்டியை நானே விலக்கினேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொடுத்துப் புண்ணைச் சுற்றி வெந்துபோயிருந்தது. இரண்டு விரல் கறுத்திருந்தது. அவருக்கும் சர்க்கரை என்பதும், நான் சாட்சி சொன்ன அன்றைக்கே அந்த முள் அவர் காலில் இருந்திருக்கிறது என்பதும் துருவிக் கேட்டபிறகுதான் தெரிந்தது. ஐந்து நிமிஷம் அவர் கண்முன்னால் நின்று என் காலைக் காட்டினேனே, அவர் தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அவரை அடித்திருப்பேன். அடிக்கவில்லை. உட்கார்ந்து காலைத் துடைத்துக் கட்டினேன். திட்டிக்கொண்டேதான் கட்டினேன். அன்றைக்கே கார் பிடித்து மும்தாஜிடம் கொண்டுபோனேன். அங்கிருந்து பெரியாஸ்பத்திரி. இரண்டு விரல் போனது. கால் நின்றது.

சித்திரையில் அவருக்கும் அதே கறுப்புச் செருப்பு வந்தது, இரண்டு ஜோடி. அளவெடுக்க நானும் கூடப் போயிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். சித்தப்பாவைக் காணவில்லை. வெளியே வந்து பார்த்தேன். வாசலுக்கு வெளியே, எல்லார் செருப்புக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். புதுச் செருப்பு காலில் இருந்தது.

"உள்ள வாங்க."

"நீ போம்மா. நான் இங்கயே இருக்கேன்."

"வெயில்ல எதுக்கு இருக்கணும்?"

"உன்னை வெளிய உக்கார வெச்சவன் நான். இப்ப எனக்குன்னு வந்ததும் உள்ள போனா நல்லாவா இருக்கும்? நீ அஞ்சு வாரம் உக்காந்த. நானும் உக்காந்துட்டு வர்றேன்."

அதைக் கேட்டு மனசு இளகியது என்று எழுதத்தான் ஆசை. எனக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க அஞ்சு வாரத்த வாங்கி நான் என்ன பண்றது சித்தப்பா? வேக வெச்சுத் திங்கவா? நான் இங்க உக்காந்து அழுதது போதும். நீங்களும் உக்காந்தா அது ரெண்டாயிடும், கொறையாது. எங்கப்பாவும் நீங்களும் அன்னிக்கு யாருகிட்டயாவது உத்தரவு கேட்டா நடந்தீங்க? எழுந்திரிங்க."

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், விரல் போன கால் பிடி கொடுக்கவில்லை.

"கை குடு" என்றார்.

கொடுத்தேன். இரண்டு பேரும் உள்ளே வந்தோம். நம் சிமெண்டுத் தரையில் எங்கள் நாலு செருப்பும் தொப்பு தொப்பு என்று சத்தம் போட்டது. பாட்டு நின்றது. பாஸ்டர் கையைத் தூக்கியபடியே நின்றார். சித்தப்பா பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்று பார்க்காமல், நடுவில் இருந்த பாயில் என் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, நின்ற இடத்திலிருந்து பாட்டை அவரே எடுத்தார். கொஞ்ச நேரம் அவர் மட்டும்தான் பாடினார். பிறகு நீங்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டீர்கள்.

என் காலைக் காப்பாற்றிய ஆண்டவருக்கு நன்றி. திட்டியபோதும் காதைப் பொத்திக்கொள்ளாத ஆண்டவருக்கு நன்றி. மேலத்தெருவில் இன்றைக்கு நிமிர்ந்து நடக்கிறேன், அடுப்படியில் வலி இல்லாமல் நிற்கிறேன், ரூபி கடைசிப் பரீட்சை எழுதப்போகிறாள்.

இப்போது ஜெபவீட்டு வாசலுக்கு உள்பக்கம் ஒரு மரப்பலகை அடித்திருக்கிறோம். உள்ளே போடுகிற செருப்பு உள்ளவர்கள் அதில் வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை இருக்கிற சகோதர சகோதரிகளே, ஆராதனை முடிந்ததும் ஓடாதீர்கள். பெண்கள் என்னிடமும் ஆண்கள் ஞானமுத்து சித்தப்பாவிடமும் உள்ளங்காலைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கூச்சப்படுகிறவர்களை நான் திட்டுவேன், அவர் ஜெபம்பண்ணுவார்.

ஆண்டவரிடம் கேளுங்கள். அழகாகக் கேட்க வராவிட்டால் கோபமாகவாவது கேளுங்கள், அவர் தாங்குவார். பதில் நர்ஸாக வரலாம், பாதி விரலோடு செருப்பு செய்கிறவராக வரலாம், பிடிவாதம் பிடிக்கிற என்னைப் போல ஒருத்தியாகவும் வரலாம். வந்தவர்களிடம் வேட்டியையும் புடவையையும் இழுத்து மூடிக்கொள்ளாதீர்கள். காலைக் காட்டுங்கள்.